எரிச்சலும் ஏக்கமும்



பெருந்துன்பங்களைத் தாங்கிக்கொள்ளும் மனிதன் சிறு தொல்லைகளின் முன்னே தோற்றுப்போகிறான். வெள்ளத்தில் வீட்டை இழந்தபோது, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று தேறுதல் கொண்ட ஒருவர், காப்பியில் சர்க்கரை சற்றுக் குறைந்ததற்காக வீட்டையே இரண்டாக்கிவிடுவார். மருத்துவமனையில் மாதக்கணக்கில் கணவனுக்குப் பணிவிடை செய்த இல்லத்தரசி, அவர் உடல் தேறி வீடு திரும்பி, ஈரத் துண்டைக் கட்டிலின்மேல் போட்டுவிட்டார் என்பதற்காக நாள் முழுதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். யானையைச் சமாளித்தவரைக் கொசு வென்றுவிடுகிறது.

இக்கொசுக்கள்தாம் எத்தனை வகை! துணி தேய்க்கத் தொடங்கியதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. பேருந்தில் சில்லறை இல்லை என்று நடத்துநர் நூறு ரூபாய்த் தாளை நம் முகத்துக்கு முன்னே ஆட்டுகிறார். நியாயவிலைக் கடையில் நம் முறை வரும் வேளையில், "கொஞ்சம் அவசரம்" என்று ஒருவர் பக்கவாட்டில் நுழைகிறார். குழந்தைகள் படிக்க உட்காரும் நேரம் பார்த்து எங்கோ ஒலிபெருக்கி முழங்குகிறது. இவற்றில் எதுவும் நம் உயிரை வாங்கிவிடுவதில்லை. ஆயினும் அன்றாடம் நம் உள்ளத்து அமைதியை வாங்கிவிடுபவை இவைதாம். மாதந்தோறும் இப்பக்கத்தில் அன்பைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் எழுதிவரும் நாமும் இதற்கு விலக்கல்ல என்பதை இம்மாதம் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ள நேர்ந்துவிட்டது.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. திருப்பலியில் எழுந்தேற்ற வேளை. கோவில் முழுவதும் முழந்தாளிட்டு அமைதியில் ஆழ்ந்திருந்தது. அப்போது எமக்குப் பின் வரிசையிலிருந்து ஒரு கைப்பேசி உரத்த குரலில் பாடத் தொடங்கியது. அதுவும் ஒரு திரைப்படப் பாடல். சில நொடிகளில் நின்றுவிடும் என்று பொறுத்திருந்தோம். நிற்கவில்லை. எம் பொறுமைதான் நின்றது. தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தோம். அப்பார்வையில் கனிவு இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகும்.

பின்னால் இருந்தவர் எண்பது வயதை நெருங்கும் பெரியவர் ஒருவர். நடுங்கும் விரல்களால் அக்கருவியை அங்கும் இங்கும் தடவிக்கொண்டிருந்தார். எதை அழுத்தினால் அது அடங்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. இறுதியில் அதைச் சட்டைக்குள் போட்டு இரு கைகளாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது எம்மிடம் நெருங்கி, "மன்னிச்சிருங்க தம்பி, மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பினான். எனக்கு இது பழகல" என்றார். எமக்கு விடை சொல்ல நா எழவில்லை. அவர் சொற்களைவிட அவருடைய விரல்களே எம்மை வாட்டின. வட்டமான ஒரு திருகினை அதே நடுக்கத்தோடு திருப்பிக்கொண்டிருந்த வேறு இரு விரல்கள் எம் நினைவுக்கு வந்துவிட்டன. அவை எம் தந்தையாரின் விரல்கள்.

எம் தந்தையாரிடம் ஒரு சிற்றலை வானொலிப் பெட்டி இருந்தது. சன்னல் கம்பியில் ஒரு செப்புக் கம்பியைக் கட்டி, அதன் மறுமுனையை வானொலியோடு இணைத்து, வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பையும் வத்திக்கான் தமிழ் ஒலிபரப்பையும் நாள் தவறாமல் கேட்பார். தூரத்து நாட்டிலிருந்து வரும் சிற்றலை அன்றோ! வானம் தெளிவாயிருந்தால் குரல் தெளிவாக வரும். மேகம் கறுத்துவிட்டால் கரகரப்பும் இரைச்சலும்தான் மிகுதி. ஆனால் அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இரைச்சலுக்கு நடுவே நான்கு சொற்கள் காதில் விழுந்தாலும் போதும். நேயர் கடிதங்கள் எழுதுவதும் அவர் வழக்கம். ஒருமுறை அவருடைய பெயரை ஒலிபரப்பில் வாசித்துவிட்டார்கள். அன்று எங்கள் தெருவில் அச்செய்தி எட்டாத வீடே இல்லை.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் மாலை. வேலை முடிந்து களைப்போடு வீடு திரும்பியிருந்தோம். வெளியே மழை வரும்போல் இருந்தது. உள்ளே வானொலி வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கரகரத்தது. "அப்பா, அந்தச் சனியனை நிறுத்தித் தொலைக்கக் கூடாதா? வீட்டில் மனிதர் நிம்மதியாக இருக்க வேண்டாமா?" என்று கத்திவிட்டோம். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. திருகைத் திருப்பி நிறுத்தினார். "சரி தம்பி, நீ படு" என்றார்.

மறுநாள் முதல் அவர் வானொலியை வீட்டுக்குள் வைத்துக் கேட்கவில்லை. கொல்லைப்புறம் கிணற்றடிக்கு எடுத்துச் சென்று, துவைக்கும் கல்லின்மேல் அமர்ந்து, பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டு கேட்பார். தலையில் ஒரு துண்டு. அது மழைக்காலம். "இந்த ஈரத்தில் அங்கே என்ன இருப்பு?" என்று எம் தாயார் கடிந்துகொண்டார். "உள்ளே சரியாக எடுக்கவில்லை, வெளியேதான் நன்றாகக் கேட்கிறது" என்றார் தந்தையார். எம்மைத் தாயாரிடம் காட்டிக்கொடுக்க அவர் விரும்பவில்லை. அதை அடுத்த அறையிலிருந்து நாம் கேட்டோம். உண்மை எமக்குத் தெரியும். எழுந்து சென்று, "அப்பா, உள்ளே வாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டோம். அந்த நாளை பல நாளைகளாய் நீண்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், தவக்காலத்தின் ஒரு வெள்ளியன்று அதிகாலையில், தந்தையார் உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

அப்பெட்டி இன்றும் எம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வேரித்தாஸ் 2018-ஆம் ஆண்டில் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டு இணையத்திற்கு மாறிவிட்டது. ஆகவே தந்தையார் கேட்ட அக்குரல்கள் இனி அப்பெட்டியில் வாரா. ஒருநாள் புதிய மின்கலங்களைப் போட்டுத் திருகிப் பார்த்தோம். கரகரப்பு மட்டுமே வந்தது. அதை அணைக்க மனமின்றி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்நினைவோடு போராடிக்கொண்டிருந்த நாள்களில்தான் சிறுமலர் எனப் போற்றப்படும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளுடைய வரலாற்றை மீண்டும் கையில் எடுத்தோம். பிரான்சு நாட்டில் 1873-இல் பிறந்து, பதினைந்தாம் வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் நுழைந்து, 24 வயதில் காசநோயால் மரித்தவர் அவர். மடத்தின் மதிலைத் தாண்டாத அவரை 1927-ஆம் ஆண்டில் திருச்சபை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது. அவர் செய்த அருஞ்செயல்கள் யாவை என்று தேடினால், நாம் மேலே சொன்ன கொசுக்களோடு அவர் நடத்திய போராட்டமே பெரிதும் அகப்படுகிறது.

மாலைத் தியான வேளையில் அவருக்கு அருகே இருந்த சகோதரி ஒருவர், இரண்டு சிப்பிகளை உரசுவதுபோன்ற ஓர் ஓசையை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருப்பாராம். தாம் அவ்வாறு செய்வது அச்சகோதரிக்கே தெரியாது. தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை தெரேசம்மாளுக்கு எழுந்ததாம். இதைப் படித்தபோது எமக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோவிலில் நாம் பார்த்த அதே பார்வை! ஆனால் புனிதை திரும்பவில்லை. அவ்வோசையைக் கேளாதிருக்க முயல்வது வீண் என்று கண்டு, அதை ஓர் இனிய இசைக்கச்சேரியாகப் பாவித்துக் கவனமாய்க் கேட்டு, அதனையே இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். இது எளிதாய் நடந்துவிடவில்லை. அம்முயற்சியில் தமக்கு வியர்த்துக் கொட்டியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். துணி துவைக்குமிடத்தில் எதிரே நின்ற சகோதரி தம் முகத்தில் அழுக்குநீரைத் தெறிக்கவிட்டபோதும், பின்வாங்கி முகத்தைத் துடைத்துக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியதாம். அதையும் அடக்கிக்கொண்டார். இறுதி நோயின் நாள்களில், 1897-ஆம் ஆண்டு சூன் மாதம், பிறரன்பைப் பற்றித் தோட்டத்தில் அமர்ந்து எழுத முயன்றபோது, வந்து போவோர் பேச்சுக் கொடுத்துக் கொடுத்து, பத்து வரி சேர்ந்தாற்போல எழுத முடியாமற் போயிற்று. அதையும் நகைச்சுவையோடு பதிவு செய்திருக்கிறார்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1886-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து குடும்பத்தார் வீடு திரும்பினர். கடைக்குட்டியான தெரேசாவுக்காக, அந்நாட்டுக் குழந்தைகளின் வழக்கப்படி, கணப்படுப்பருகே காலணிகளில் பரிசுகள் வைக்கப்பட்டிருந்தன. களைத்திருந்த தந்தை லூயி மார்ட்டின் அதைக் கண்டு சலிப்போடு, நல்லவேளை, இது கடைசி ஆண்டு என்னும் பொருள்பட ஏதோ சொல்லிவிட்டார். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த சிறுமியின் செவியில் அது விழுந்தது. தாயை நான்கு வயதிலேயே இழந்து, தொட்டதற்கெல்லாம் அழும் இயல்புடையவள் அவள். அன்று அழவில்லை. கண்ணீரை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கிவந்து, ஒன்றும் கேளாதவள்போல் ஒவ்வொரு பரிசாய் எடுத்து மகிழ்ந்தாள். தந்தையின் சலிப்பும் பறந்துபோயிற்று, அவரும் சிரித்தார். அந்த இரவைத் தம் மனமாற்றத்தின் இரவு என்றே புனிதை குறிப்பிடுகிறார்.

அந்தத் தந்தை யார்? தம் துணைவி செலி அம்மையாரோடு 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டவர். ஒருசேரப் புனிதர் பட்டம் பெற்ற முதல் தம்பதியர் அவர்கள். புனிதருக்கும் களைப்பு வந்தது, சலிப்பு வந்தது, ஒரு சொல் வாய்தவறி வெளிவந்தது. எனவே, எரிச்சல் வருவதனாலேயே நம் இல்லம் கிறிஸ்தவ இல்லம் அல்ல என்று ஆகிவிடாது. அச்சொல்லுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. அவ்வீட்டில் ஒரு சிறுமி அச்சொல்லை விழுங்கினாள். எம் வீட்டில் அதை விழுங்கியவர் எம் தந்தையார். கிணற்றடியின் ஈரத்தில் அமர்ந்து விழுங்கினார்.

எரிச்சலின் கண்ணுக்குத் தன் அசௌகரியம் மட்டுமே தெரியும். அன்பின் கண் அடுத்தவர் அசௌகரியத்தைத் தேடிக் காணும். இதற்கு நாம் பெரிதும் மதிக்கும் ஒருவரின் இறுதி நாளே சான்று. திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவராய் 2002 முதல் 2007 வரை விளங்கிய அப்துல் கலாம் அவர்கள், 2015-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் கௌகாத்தியிலிருந்து ஷில்லாங் நகருக்குக் காரில் சென்றுகொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 83. மலைப்பாதையில் நெடும் பயணம். பாதுகாப்புக்காக முன்னே சென்ற திறந்த வாகனத்தில் காவலர் ஒருவர் துப்பாக்கியோடு நின்றுகொண்டே வந்தார். கலாம் அவர்களின் கவனம் அவர்மீதே இருந்தது. அவர் களைத்துப்போவாரே, உட்காரச் சொல்லுங்கள் என்று உடன் வந்த உதவியாளரிடம் மீண்டும் மீண்டும் வேண்டினார். செய்தியை எட்டவைக்க இயலவில்லை. ஷில்லாங்கை அடைந்ததும் அக்காவலரைத் தேடி வரவழைத்து, கைகொடுத்து, நன்றி கூறி, என்னால் உங்களுக்கு இவ்வளவு சிரமம் என்று வருத்தமும் தெரிவித்தார். அன்று மாலையே மாணவர்களுக்கு உரையாற்றும்போது மேடையில் சாய்ந்து உயிர்நீத்தார் என்பதை நாடறியும். அன்று அவர் அந்த நன்றியை நாளைக்கு என்று ஒத்திவைத்திருந்தால், அக்காவலருக்கு அது கிடைத்தே இராது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு அவர்களும் இதைத்தான் குடும்பங்களுக்கு ஓயாது வற்புறுத்தினார். 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கூடிய குடும்பங்களிடம் பேசுகையில், வீடு என்றால் சண்டை வரும், சில வேளை தட்டுகளும் பறக்கும், மாமியாரைப் பற்றி நான் பேசப்போவதில்லை என்று கூறி எல்லாரையும் சிரிக்கவைத்தார். 2016-ஆம் ஆண்டில் குடும்ப அன்பைப் பற்றி அவர் வெளியிட்ட ஊக்கவுரையில், இல்லத்தில் வழங்க வேண்டிய மூன்று சொற்களை நினைவூட்டினார்: அனுமதி கேட்கும் சொல், நன்றி கூறும் சொல், மன்னிப்பு வேண்டும் சொல். சமாதானம் செய்துகொள்ளாமல் ஒரு நாளையும் முடிக்காதீர்கள் என்பது அவர் தவறாமல் தந்த அறிவுரை. அதற்கு நீண்ட பேச்சும் வேண்டியதில்லை, அன்போடு ஒரு தொடுதலே போதும் என்பார். கதிரவன் மறையுமுன் சினம் தணிய வேண்டும் என்று புனித சின்னப்பர் எபேசு நகரத்தாருக்கு எழுதியதைத்தான் அவர் நம் சமையலறைக்கும் முற்றத்திற்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். எரிச்சலை விழுங்குவது வேறு, அநீதியை விழுங்குவது வேறு. குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் கணவனையும், மருமகளைச் சொல்லால் சுடும் வீட்டாரையும் பொறுத்துக்கொள் என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய கொடுமை தடுக்கப்பட வேண்டியது. நாம் பேசுவது கரகரக்கும் வானொலியைப் பற்றி, ஈரத் துண்டைப் பற்றி, ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்லும் பாட்டியைப் பற்றி. இவற்றில் குற்றமில்லை, நம் வசதிக்குச் சிறு குறைவு மட்டுமே உண்டு.

நாளை என்று ஒத்திவைத்து, அந்த நாளையை இழந்தவர்கள் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை தேடி நாம் பல இரவுகள் உறங்காமல் இருந்ததுண்டு. திருச்சபை நமக்குத் தரும் ஆறுதல் பெரிது. புனிதர்களின் சமூக உறவை நாம் விசுவசிக்கிறோம். கல்லறை அவ்வுறவைத் துண்டித்துவிடுவதில்லை. நவம்பர் மாதத்தை இறந்தோரின் நினைவுக்கென்று தாய்த் திருச்சபை ஒதுக்கியிருப்பதும், நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைகளைத் துப்புரவு செய்து மெழுகுவர்த்தி ஏற்றுவதும், ஆன்மாக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும் வெறும் சடங்கல்ல. சொல்லத் தவறியதைச் சொல்ல நமக்குத் தரப்பட்டுள்ள வேளை அது. தந்தையாரின் கல்லறையருகே நின்று, "அப்பா, உள்ளே வாருங்கள்" என்று நாம் சொன்னோம். பத்து மாதங்களுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை அந்த நவம்பரில்தான் சொன்னோம். ஆண்டவரின் இரக்கத்தில் அது அவரை எட்டியிருக்கும் என்று நம்புகிறோம்.

ஆனால் கல்லறையில் சொன்னால் போதும் என்று இருந்துவிடலாகாது. இறந்தோருக்குப் பட்ட கடனை உயிரோடிருப்பவர்களிடம்தான் தீர்க்க முடியும். எம் தாயாருக்கு இப்போது மறதி. "சாப்பிட்டாயா?" என்று ஒரே மாலையில் நான்கு முறை கேட்கிறார். நான்காம் முறையும் முதன்முறை கேட்டதுபோல விடை சொல்லக் கற்றுக்கொண்டு வருகிறோம். எல்லா நாளும் வெற்றி என்று சொல்வதற்கில்லை. தோற்ற நாளில், விளக்கணைக்குமுன் அவர் கட்டிலருகே சென்று, "அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அவர் எதற்கு என்று தெரியாமலே தலையைத் தடவிவிடுகிறார்.

கோவிலில் கண்ட அப்பெரியவரையும் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வழக்கமாக அமரும் வரிசைக்கே சென்று அருகில் அமர்ந்தோம். திருப்பலி தொடங்குமுன், "ஐயா, அதைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று வாங்கி, ஓசை எழாமல் செய்யும் வழியைக் காட்டிக் கொடுத்தோம். மூன்று முறை காட்டினோம். அவர் தாமே செய்து பார்த்தபின், குழந்தைபோல் சிரித்தார். இதைச் சென்ற ஞாயிறே செய்திருக்கலாம். அன்று எமக்குப் பார்வைதான் இருந்தது, கை இல்லை.

வாசகர்களே, இன்று மாலை உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று கரகரக்கும். அது ஒரு பொருளாக இருக்கலாம், ஒருவருடைய இருமலாக இருக்கலாம், ஓயாத பேச்சாக இருக்கலாம். சினந்து பேசுமுன் ஒருகணம் நின்று, அவ்வோசை இல்லாத வீட்டை எண்ணிப் பாருங்கள். பேசிவிட்டீர்களாயின், இரவு படுக்குமுன் எழுந்து சென்று, கிணற்றடியில் இருப்பவரை உள்ளே அழைத்து வந்துவிடுங்கள்.

நம் இல்லங்களில் மரித்த ஆன்மாக்கள் அனைவரும் இறைவனின் இரக்கத்தால் நித்திய இளைப்பாற்றி அடைவார்களாக. உயிரோடிருக்கும் நமக்கு ஒருவரையொருவர் தாங்கும் நல்மனத்தை ஆண்டவர் அருள்வாராக.